கம்யூனிஸமும் சோஷலிஸமும்: ஒரு முஸ்லிம் இளைஞனின் கேள்வி

 

 

சில காலத்துக்கு முன்னர் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். புசல்லாவைக் கடைத்தெருவில் சில்லறைக் கடை நடத்தும் ஒரு தகப்பனார் தம் மகனைக் கையோடு அழைத்து வந்திருந்தார். “ஹஸ்ரத், இவன் கம்யூனிஸ்ட் ஆகிவிட்டான். கடையில் உட்கார மாட்டேன் என்கிறான். பாவப்பட்ட பணம் என்கிறான். நீங்கள்தான் இவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்” என்றார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் பிள்ளை அவர். தலையைக் குனிந்தபடியே, “ஹஸ்ரத், முதலில் வாப்பாவின் பற்றுக் கொப்பியைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்குப் புத்தி சொல்லுங்கள்” என்றார்.

அன்பர்களே, அந்தக் கொப்பியில் நான் கண்டதை இவ்வுரையின் முடிவில் கூறுவேன். அதற்கு முன் என்னைப் பற்றிய ஒரு குறையை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரபுக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறிய முதல் வருடத்தில், ஒரு ஜும்ஆ பிரசங்கத்தில் கம்யூனிஸத்தைக் கடுமையாகச் சாடிப் பேசினேன். அது இறைமறுப்பு, மார்க்கத்தின் பகை, சோவியத் யூனியனில் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன என்றெல்லாம் அடுக்கினேன். தொழுகை முடிந்ததும், இளமையில் தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு முதிய தையற்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஹஸ்ரத், நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அரை மணித்தியாலம் பேசினீர்கள், அதில் ஏழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே” என்றார். அன்று எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. இந்த உரை அந்தப் பெரியவருக்கும், அந்த இளைஞருக்கும் சேர்த்து நான் தர முயலும் விடையாகும்.

சொற்களை முதலில் விளங்கிக்கொள்வோம்

நமது வீடுகளில் கம்யூனிஸம், சோஷலிஸம் ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் பயன்படுத்தப்படுகின்றன. அவை ஒன்றல்ல. நிலம், தொழிற்சாலை, வங்கி முதலிய பெரும் உற்பத்திச் சாதனங்கள் தனிமனிதர் சிலரின் கையில் இராது சமூகத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது சோஷலிஸத்தின் பொதுவான கருத்து. அதற்குள்ளும் பல பிரிவினர் உளர். தேர்தல் மூலம் ஆட்சிக்கு வந்து, சிறிய சொத்துடைமையை அனுமதித்து, கல்வி, வைத்தியம், உணவு ஆகியவற்றை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்போர் ஒரு சாரார். புரட்சியின் மூலமே மாற்றம் வரும் என்போர் மற்றொரு சாரார். 1848 இல் காரல் மார்க்ஸும் பிரெடரிக் ஏங்கல்ஸும் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கையை அடியொற்றியவர்கள், சோஷலிஸத்தை ஓர் இடைப்படியாகவும், தனிச்சொத்தும் வர்க்கங்களும் ஈற்றில் அரசும் மறைந்துபோகும் கம்யூனிஸத்தை இறுதிப்படியாகவும் கண்டனர். மனித வரலாற்றை நடத்துவது பொருளியல் சக்திகளே, மதம் அவற்றின் நிழல் மாத்திரமே என்பது அவர்களது தத்துவம்.

ஆகவே, “அரிசி விலையை அரசு கட்டுப்படுத்த வேண்டும்” என்று கூறும் ஒருவரும், “இறைவன் என்று எவருமில்லை” என்று கூறும் ஒருவரும் நம் பார்வையில் ஒரே தட்டில் வைக்கப்படலாகாது. முன்னையது ஆட்சிமுறை பற்றிய கருத்து. பின்னையது ஈமான் பற்றியது. இவ்வேறுபாட்டை அறியாத தகப்பன், நியாயம் கேட்கும் மகனை மார்க்கத்தை விட்டு வெளியேறியவனாகக் கருதுகிறார். அதே வேறுபாட்டை அறியாத மகன், நியாயம் கேட்பதற்கு மார்க்கத்தை விட்டு வெளியேற வேண்டும் போலும் என்று எண்ணிவிடுகிறான்.

அறிஞர்களும் வேறுபட்டனர்

இவ்விடயத்தில் முஸ்லிம் அறிஞர்கள் யாவரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று எண்ண வேண்டாம்.

இந்தியாவின் மௌலானா ஹஸ்ரத் மோஹானி அவர்கள் பல தடவை ஹஜ் செய்தவர், தஸவ்வுப் வழியில் நின்றவர். 1925 டிசெம்பரில் கான்பூரில் கம்யூனிஸ்டுகளின் மாநாடு கூடியபோது அதன் வரவேற்புக் குழுத் தலைவராக விளங்கியவரும் அவரே. தேவ்பந்த் மத்ரஸாவில் பயின்ற மௌலானா உபைதுல்லாஹ் ஸிந்தி அவர்கள் 1922 இல் மொஸ்கோ சென்று புரட்சிக்குப் பிந்திய ரஷ்யாவை நேரிற் கண்டார். இறைமறுப்பை அவர் ஏற்கவில்லை. ஆயினும் உழைப்பவனின் உரிமை பற்றிய அக்கறையோடு திரும்பினார். சிரியாவின் கலாநிதி முஸ்தபா அஸ்ஸிபாயீ அவர்கள் 1959 இல் ‘இஷ்திராகிய்யத்துல் இஸ்லாம்’, அதாவது இஸ்லாத்தின் சோஷலிஸம் என்ற பெயரில் ஒரு நூலே எழுதினார். அந்நூலின் தலைப்பையே ஆட்சேபித்து எழுதிய அறிஞர்களும் அந்நாட்டில் இருந்தார்கள்.

மறுபுறத்தில் மௌலானா மௌதூதி போன்றோர், இஸ்லாம் தன்னளவில் முழுமையான நெறி, அதற்கு முன்னொட்டும் பின்னொட்டும் தேவையில்லை என்று வாதிட்டனர். 1970 இல் பாகிஸ்தானில் ‘இஸ்லாமிய சோஷலிஸம்’ என்ற கோஷம் எழுந்தபோது, சோஷலிஸத்துக்கு எதிராக 113 உலமாக்கள் கையொப்பமிட்டுத் தீர்ப்பு வெளியிட்டனர். அவ்வாண்டுத் தேர்தலில் மேற்குப் பாகிஸ்தான் மக்கள் அக்கோஷத்தை எழுப்பிய கட்சிக்கே பெரும்பான்மை ஆசனங்களை வழங்கினர். பசித்த மக்களுக்குத் தீர்ப்பு மாத்திரம் போதவில்லை என்பதை இது காட்டுகிறது.

இத்தனைக்கும் நாம் வெகுதூரம் செல்லத் தேவையில்லை. நமது ஊரிலிருந்து மலையிறங்கினால் வரும் கம்பளை நகரின் ஸாஹிராக் கல்லூரியில் அதிபராகப் பணியாற்றியவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். அலிகாரில் கற்றவர். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். 1960 களின் பிற்பகுதியில் இஸ்லாமிய சோஷலிஸ முன்னணி என்ற அமைப்பை உருவாக்கி, முஸ்லிம்களை இடதுசாரிக் கூட்டணியின் பக்கம் அழைத்தார். 1970 இல் அமைந்த அமைச்சரவையில் அவர் கல்வி அமைச்சர். அதே மேசையில் லங்கா சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும், கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமனும் அமர்ந்திருந்தனர். “மார்க்கத்தை மறுப்பவர்களோடு என்ன கூட்டு?” என்று கேட்ட முஸ்லிம்களும் அக்காலத்தில் இருந்தனர். “ஏழையின் பக்கம் நிற்பது மார்க்கம் இல்லையா?” என்று பதில் கூறியவர்களும் இருந்தனர். அந்த வாதம் இன்றும் முடியவில்லை. 2024 செப்டெம்பரில், செங்கொடியின் கீழ் வளர்ந்த மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் இந்நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவானதன் பின்னர், அது நமது சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று கூறுவது எனது நோக்கமன்று. எதனை எந்தத் தராசில் நிறுக்க வேண்டும் என்பதையே கூற விழைகிறேன்.

மலைநாட்டில் செங்கொடி

நிறுக்கும்போது நன்மையையும் நிறுக்க வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது சூரத்துல் மாயிதா நமக்குக் கற்றுத்தரும் பாடம்.

1934, 35 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டுக் கிராமங்களைச் சூறையாடியது. மருந்தையும் பருப்பையும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குள் நுழைந்தவர்களுள் இடதுசாரி இளைஞர்கள் முன்னணியில் நின்றனர். என்.எம். பெரேராவுக்கு மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்று பெயரிட்டது அப்பணியினாலேயே. அவர்கள் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அவ்வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றவர்கள் அவர்களே. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டத்தின் மூலம் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் நாடற்றவர்களாக்கப்பட்டனர். பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களுள் இடதுசாரிகள் இருந்தனர். 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தாலை நடத்தியவர்களும் அவர்களே.

தோட்டத் தொழிலாளருக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒரு முஸ்லிமும் இருந்தார் என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் அப்துல் அஸீஸ் அவர்கள் தமது வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொழுந்து பறிக்கும் மக்களின் உரிமைக்காகச் செலவிட்டார். அம்மக்களில் பெரும்பாலோர் அவருடைய மார்க்கத்தைச் சேர்ந்தவர்களல்லர். நீதிக்கு அது தடையாக இருக்கவில்லை.

இப்போது தராசின் மற்றத் தட்டைப் பார்ப்போம். 1948 இல் அம்மக்களுக்காக வாதாடிய சமசமாஜக் கட்சி 1964 இல் அமைச்சரவையில் இணைந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என இரு அரசுகளும் மனிதர்களைப் பங்கிட்டுக்கொண்டன. ‘நீ எங்கே வாழ விரும்புகிறாய்?’ என்று அந்தத் தொழிலாளியிடம் முதலில் கேட்டவர் யார்? பின்னர் 1971 ஏப்ரலில் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கிய மக்கள் விடுதலை முன்னணி, தன் உறுப்பினருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியதாகும். உழைப்பவருக்காகவே கட்சி என்று கூறியவர்கள், நாட்டிலேயே மிகக் கடுமையாக உழைத்தவர்களை அந்நிய சக்தியின் கருவிகளாகச் சித்திரித்தனர். அக்கிளர்ச்சியிலும், 1987 முதல் 89 வரையிலான இரண்டாவது கிளர்ச்சியிலும், அவற்றை அடக்கிய அரசின் கரங்களிலும் மாண்ட இளைஞர்களின் தாய்மார் பலர் இந்த மலைநாட்டில் இன்னும் கண்ணீரோடு இருக்கின்றனர்.

சோவியத் ஆட்சியின் கீழ் மத்திய ஆசிய முஸ்லிம்களுக்கு நேர்ந்தது வேறு. புரட்சியை நம்பி அதில் இணைந்த தாத்தாரிய முஸ்லிம் தலைவர் சுல்தான் கலியேவ், தம் மக்களின் தனித்துவத்துக்காகப் பேசியதனால் 1923 இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1940 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் பெருமளவில் மூடப்பட்டன. இவற்றை நான் அன்றைய பிரசங்கத்திலும் கூறினேன். இன்றும் மறுக்கவில்லை.

ஆனால் அன்று கூறாத ஒன்றையும் கூற வேண்டும். 1965, 66 இல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டோர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். குறைந்தது ஐந்து இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. இராணுவத்தோடு சேர்ந்து அக்கொலைகளில் ஈடுபட்டோரில் முஸ்லிம் இளைஞர் அமைப்பினரும் இருந்தனர். கொல்லப்பட்டோரில் தொழுகையாளிகளும், காணி கேட்ட ஏழை விவசாயிகளும் இருந்தனர். ‘இவன் நாஸ்திகன்’ என்ற ஒரு சொல் ஒரு மனிதனின் உயிரை எவ்வளவு மலிவாக்கிவிடுகிறது என்பதை உணர்ந்து, அச்சொல்லை நாவில் எடுக்கும்போது அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள்.

மூன்று உரிமையாளர்கள், ஒரே லயம்

நமது ஊரைச் சுற்றியுள்ள ஹெல்பொட, டெல்டா, ரொத்சைல்ட் முதலிய தோட்டங்களை ஒரு பாடநூலாக எண்ணிப் பாருங்கள். முதலாவது காலம் வெள்ளைக்காரத் துரைமாரின் காலம். பெரட்டுக்கு நேரம் தவறினால் பேர் இல்லை, நிறை குறைந்தால் அரைப்பேர், பத்தடி அறையில் ஒரு குடும்பம். இதுவே முதலாளித்துவத்தின் முகம்.

இரண்டாவது காலத்தில் அரசு உரிமையாளரானது. 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கம்பனிகளின் தோட்டங்களும் அரசுடைமையாயின. புத்தகத்தின்படி பார்த்தால் இதுவே உழைப்பவனின் விடுதலை நாளாக இருந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 1973, 74 இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. எடுத்த காணியில் ஒரு துண்டும் பல தலைமுறையாக அதனைப் பண்படுத்திய தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. பல குடும்பங்கள் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. 1977 மே மாதம் தலவாக்கலைப் பகுதியின் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

மூன்றாவது காலத்தில், 1992 முதல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுத் தொழிலாளர் பல ஆண்டுகள் வீதியில் இறங்கினர். அது 2021 இல் சம்பளச் சபையின் மூலம் விதிக்கப்பட்டபோது, கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன.

உரிமையாளர் மூன்று முறை மாறினார். பல தோட்டங்களில் லயம் மாறவில்லை. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? சொத்து யாருடைய பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்வி முக்கியமானதுதான். ஆயினும் அச்சொத்தைக் கையாளுபவன் தனக்கு மேலே ஒரு கணக்காளன் இருக்கிறான் என்று நம்புகிறானா, பலவீனன் தன் உரிமையைக் கேட்கும்போது அதனைக் கொடுக்க வைக்கும் சட்டம் இருக்கிறதா என்ற இரு கேள்விகளும் அதனோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியவை.

இஸ்லாத்தின் நிலை

ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடம் இறைவனை வணங்குமாறும் அளவையையும் நிறுவையையும் நிறைவு செய்யுமாறும் கூறியபோது அவர்கள் கொடுத்த மறுமொழியைச் சூரா ஹூதில் காண்கிறோம். எங்கள் பொருளில் நாங்கள் விரும்பியவாறு நடக்கக் கூடாதென்று உமது தொழுகையா உம்மை ஏவுகிறது என்ற கருத்தில் அவர்கள் ஏளனமாகக் கேட்டனர். பாருங்கள், தொழுகைக்கும் கடைக்கும் தொடர்பில்லை என்று வாதிட்டவர்கள் மத்யன்வாசிகள்! தொடர்பு உண்டு என்று கூறியவர் நபி.

இஸ்லாம் தனிச்சொத்தை ஏற்கிறது. வாரிசுரிமைச் சட்டம் முழுவதும் அதன் மீதே நிற்கிறது. பொருட்களின் விலையை நிர்ணயிக்குமாறு தோழர்கள் வேண்டியபோது நபி (ஸல்) அவர்கள் அதனைச் செய்ய மறுத்தார்கள் என்ற அறிவிப்பை, அரசு வியாபாரத்தில் கைவைக்கக் கூடாது என்போர் ஆதாரமாகக் காட்டுவர். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் யாவரும் பங்காளிகள் என்ற கருத்திலமைந்த நபிமொழியைச் சமவுடைமை பேசுவோர் ஆதாரமாகக் காட்டுவர். இரண்டும் நமது மார்க்கத்திலேயே இருக்கின்றன. ஒன்றை எடுத்து மற்றதை மறைப்பவர் தமது இச்சைக்கே ஆதாரம் தேடுகிறார்.

ஸஹாபாக்களிடையேயும் இவ்விவாதம் நிகழ்ந்தது. அபூதர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தில் இருந்தபோது, தேவைக்கு மேல் செல்வத்தைச் சேர்த்து வைப்பதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். பொன்னையும் வெள்ளியையும் பதுக்குவோரைப் பற்றிய சூரத்துத் தவ்பாவின் வசனம் யாரைக் குறிக்கிறது என்பதில் ஆளுநர் முஆவியா (ரலி) அவர்களுக்கும் அன்னாருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. ஸகாத் கொடுக்கப்பட்ட செல்வம் பதுக்கலாகாது என்பதே பெரும்பாலான ஸஹாபாக்களின் நிலைப்பாடு. நாமும் அதனையே பின்பற்றுகிறோம். அபூதர் (ரலி) அவர்கள் இறுதியில் ரபதா என்ற பாலைவெளியில் வாழ்ந்து அங்கேயே வபாத்தானார்கள். அன்னாரை ‘கம்யூனிஸ்ட்’ என்று அழைப்பது அறியாமை. அன்னாரின் குரலையே மறந்துவிடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

ஈராக்கின் ஸவாத் எனும் வளமிகு நிலம் வெற்றிகொள்ளப்பட்டபோது, அதனைப் போர்வீரர்களுக்குப் பங்கிடுமாறு பலர் வற்புறுத்தினர். உமர் (ரலி) அவர்கள் மறுத்தார்கள். செல்வம் செல்வந்தர்களுக்கிடையே மாத்திரம் சுற்றிவரலாகாது என்ற சூரத்துல் ஹஷ்ரின் போதனையையும், பின்னர் வருவோருக்கும் பங்குண்டு என்ற அதன் தொடர்ச்சியையும் ஆதாரமாகக் கொண்டு, நிலத்தை அதில் உழுதவர்களிடமே விட்டு, அதன் வரியைத் தலைமுறைகள் யாவற்றுக்கும் பொதுநிதியாக்கினார்கள். மேலும், யாசித்து நின்ற முஸ்லிமல்லாத ஒரு முதியவரைக் கண்டு, அவரது இளமையின் உழைப்பை உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்ற கருத்துப்படப் பேசி, பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து முதுகு வளைந்த ஒரு தாயை நமது கடைத்தெருவில் காணும்போது இச்சம்பவம் உங்கள் நினைவுக்கு வரட்டும்.

ஆகவே இஸ்லாத்தின் விடை இதுதான். சொத்து உனது பெயரில் இருக்கலாம். ஆனால் அது அமானிதம். அதில் ஏழைக்குரிய பங்கு உனது தயவன்று, அவனது உரிமை. அவ்வுரிமையைக் கொடுக்க மறுத்தோருக்கு எதிராக அபூபக்ர் (ரலி) அவர்கள் போர் தொடுத்தார்கள். வட்டி ஹராம். பதுக்கல் ஹராம். கூலியாளின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப்பட வேண்டும். இவற்றை நாம் நடைமுறைப்படுத்தியிருந்தால், நம் பிள்ளை நீதியைத் தேடி வேறு வாசலைத் தட்டியிருப்பானா?

பற்றுக் கொப்பி

இனி அந்தக் கொப்பிக்கு வருகிறேன். தகப்பனாரின் சம்மதத்தோடு இஷாவுக்குப் பின் கடையிலமர்ந்து மூவரும் அதனைப் புரட்டினோம். பெயர்கள் பெரும்பாலும் தோட்டத்து மக்களுடையவை. அரிசி, மா, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் எனச் சம்பள நாளை நம்பி வாங்கியவை. அதில் மூன்று விடயங்களைக் கண்டேன்.

முதலாவது, பற்றுக்கு வாங்குவோருக்கு விலை சற்றுக் கூடுதலாக இருந்தது. “இது கொள்ளை” என்றார் மகன். “இல்லை” என்றேன் நான். தவணைக்கு விற்கும்போது விலையைக் கூட்டி நிர்ணயிப்பதை ஷாபிஈ மத்ஹப் உட்பட அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்துள்ளனர். ஆனால் அந்த விலை, பொருளைக் கொடுக்கும்போதே வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட்டு அவர் சம்மதித்திருக்க வேண்டும். “சொன்னீர்களா?” என்று தகப்பனாரைக் கேட்டேன். “அவர்கள் கேட்பதில்லை” என்றார். வாசிக்கத் தெரியாதவர் எவ்வாறு கேட்பார்?

இரண்டாவது, சம்பள நாளில் கொடுக்க முடியாதவர்களின் பெயருக்கு எதிரே அடுத்த மாதம் ஒரு சிறு தொகை கூட்டப்பட்டிருந்தது. அதற்கடுத்த மாதம் மீண்டும் ஒரு தொகை. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. கடன் உறுதியான பின்னர் தாமதத்துக்காகக் கூட்டப்படும் ஒவ்வொரு சதமும் ரிபாவாகும். அந்தத் தகப்பனார் ஐவேளையும் பள்ளியில் தொழுபவர். வங்கி வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனே எடுக்காதவர். ஆனால் தமது சொந்தக் கொப்பியில் வட்டி எழுதப்படுவதை அவர் வட்டியென்று அறியவில்லை. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே அவ்வாறுதான் எழுதப்பட்டு வந்ததாம். கேட்டதும் அவரது முகம் வெளிறிவிட்டது.

மூன்றாவது, கொப்பியின் சில பக்கங்களில் கணக்கு முழுவதும் கோடிட்டு வெட்டப்பட்டிருந்தது. “இது என்ன?” என்றேன். “கொவிட் காலத்தில் வேலை இல்லாதவர்கள். வெட்டிவிட்டேன்” என்றார். மகன் நிமிர்ந்து பார்த்தார். தகப்பனாரின் இந்தக் காரியத்தை அவர் அறிந்திருக்கவில்லை.

அன்றிரவு தகப்பனார், கூட்டி எடுத்த தொகைகளைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுப்பதாக நிய்யத் வைத்தார். மகன் அடுத்த சில வாரங்கள் கொப்பியோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். சிலர் கொழும்புக்குப் பெயர்ந்துவிட்டனர். இருவர் இறந்துவிட்டனர், அவர்களின் பிள்ளைகளைத் தேடிக் கொடுத்தார். தேடியும் கிடைக்காதோரின் பங்கு ஏழைகளுக்குச் சேர்க்கப்பட்டது. எல்லாக் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று நான் கூற மாட்டேன். தகப்பனாரின் வாப்பா காலத்துக் கொப்பிகள் இன்று இல்லை. அந்தக் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது.

மகன் கம்யூனிஸ்டா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை. அவர் கேட்ட கேள்வி அல்லாஹ்வின் வேதம் கேட்கும் கேள்வி. வாடிக்கையாளர் முன்னிலையில் தகப்பனை நோக்கிக் குரலுயர்த்தியதே அவர் செய்த பிழை. அதற்காக அவர் வாப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

பெற்றோர்களே! பிள்ளை அநீதியைப் பற்றிப் பேசும்போது ‘கட்சிக்காரனாகிவிட்டான்’ என்று வாயை அடைக்காதீர்கள். முதலில் உங்கள் கொப்பியைத் திறந்து பாருங்கள். உங்கள் கடைப் பையனுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறதா? வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு மாத முடிவில் கூலி கிடைக்கிறதா? மகளுக்குரிய வாரிசுப் பங்கு சீர்வரிசை என்ற பெயரில் மறுக்கப்படுகிறதா? ஸகாத் முறையாகக் கணக்கிடப்படுகிறதா, ரமழானில் வாசலில் நிற்போருக்குச் சில்லறையாக வீசப்படுகிறதா? இவற்றுக்கு விடை சொல்லாத வீட்டில் கம்யூனிஸத்துக்கு எதிரான உபதேசம் எடுபடாது.

இளைஞர்களே! மார்க்ஸை வாசிப்பதால் ஈமான் போய்விடாது. குர்ஆனை வாசிக்காமலிருந்தால் எதை இழக்கிறோம் என்பதே தெரியாமற் போகும். தொழிற்சங்கத்தில் சேருங்கள், தொழிலாளியின் உரிமைக்காக வாதாடுங்கள், தேர்தலில் உங்கள் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள். ஆனால் எந்தக் கட்சிக்கும் உங்கள் மனச்சாட்சியை முழுமையாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 1948 இல் நீதி பேசியவர்கள் 1964 இல் எங்கே நின்றார்கள் என்பதை மறவாதீர்கள். கொள்கைக்காக மனிதனைப் பலியிடச் சொல்லும் எவரும், அவர் கையில் செங்கொடி இருந்தாலும் சரி, மார்க்கத்தின் பெயர் இருந்தாலும் சரி, உங்களை நீதிக்கு அழைப்பவரல்லர்.

அந்த முதிய தையற்காரர் இப்போது நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவரது கப்ரை ஒளிமயமாக்குவானாக. அவர் கேட்ட அந்த ஒரு வார்த்தையை இவ்வுரை தந்திருக்குமென நம்புகிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்குவாயாக. எங்கள் கொப்பிகளை நாங்களே சரிபார்க்கும் அச்சத்தை, நீ அவற்றைத் திறக்கும் நாளுக்கு முன்னரே எங்களுக்குத் தருவாயாக. இம்மலைகளில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும் அவரது உரிமை கிடைக்கச் செய்வாயாக. எங்கள் பிள்ளைகளை நீதியின் மீதும் ஈமானின் மீதும் நிலைக்கச் செய்வாயாக. ஆமீன்.